ஒரே கட்டத்தில் இருந்தோம், டீச்சர்

டீச்சர்,

முழங்கை மடிப்பில் ஒட்டிய பஞ்சை இன்னும் எடுக்கவில்லை. ஸ்பிரிட் வாசனை அதில் அப்படியே இருக்கிறது. காலையில் ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள். மத்தியானம் நம் டாக்டர் என் கோப்பை மூடி வைத்துவிட்டு, "ஸ்டெல்லா சேச்சி, இனி வருஷத்துக்கு ஒருக்கா வந்தால் போதும், கேட்டோ" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்தேன். வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து கையை மடக்கியபோது அந்த வாசனை மூக்கில் ஏறியது. இதைக் கேட்டால் முதலில் சந்தோஷப்படக்கூடிய ஆள் நீங்கள்தான். உங்களிடம் சொல்ல முடியாத இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணிடம் மணி என்ன என்று கேட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது கழக்கூட்டம் ஊரில், பெண்கள் விடுதி அலுவலக அறையில் இருந்து எழுதுகிறேன். பெண்கள் ஆபீஸிலிருந்து திரும்ப இன்னும் நேரம் இருக்கிறது. தமிழில் எழுதிப் பல காலம் ஆகிவிட்டது. நீங்கள் இருந்தாலும் இதை எழுத்துக்கூட்டித்தான் வாசித்திருப்பீர்கள். ஸ்ரீவராகத்தில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி, பள்ளிக்கூடத்தில் மலையாளம் மட்டுமே படித்தவர் நீங்கள். வார்டில் என் கையில் இருந்த வாரப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "நீ வாசி, நான் கேக்கறேன்" என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள். நம் பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அறுவைக்கு முன் நம்மைப் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் போட்டிருந்தார்கள். நான் போனில் மகனோடு பேசி முடித்ததும் கேட்டீர்கள்.

"நீ எந்த ஊர்? ஒரு வார்த்தை தமிழ், ஒரு வார்த்தை மலையாளமா இருக்கே."

"பாறசாலைக்கு அங்கிட்டு. உங்க தமிழு மட்டும் என்னவாம்? ஞாபகமில்லைங்கதுக்கு ஓர்மையில்லைன்னு இப்பதான் நர்ஸுகிட்ட சொன்னீங்க."

நீங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பெண்கள் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்து ஓய்வு பெற்றவர் என்று பிறகுதான் தெரிந்தது. எல்லோரும் கூப்பிடுவதுபோல நானும் டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தேன். நான் ஒரு விடுதி வார்டன், புருஷனை இழந்தவள், வெளிநாட்டில் ஒரு மகன் என்பதையெல்லாம் அன்று சாயங்காலத்துக்குள் நீங்கள் என்னிடமிருந்து வாங்கிவிட்டீர்கள்.

நம் இருவருக்கும் ஒரே நோய். கர்ப்பப்பையின் உள்வரியில் புற்று. இருவருக்கும் மாதவிடாய் நின்று பல வருடங்கள் ஆன பின், ஒருநாள் துணியில் சிவப்பாக ஒரு கறை. நான் உடம்புச் சூடு என்று நினைத்து இளநீர் குடித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை.

"எல்லாம் முடிஞ்சு ஒதுங்கியாச்சுன்னு நிம்மதியா இருந்தேன். திரும்ப வந்தப்போ யார்கிட்ட சொல்றதுன்னு தெரியலை. இந்த வயசுல வெட்கமா இருந்தது, ஸ்டெல்லா. காலேஜ்ல அத்தனை பொண்களுக்குப் பாடம் சொன்னவ நான்."

அறுவை ஒரே நாளில் நடந்தது. உங்களைக் கொண்டுபோய் விட்டு வந்த அதே தள்ளுக்கட்டிலில் என்னைக் கொண்டுபோனார்கள். நாலைந்து நாள் கழித்து டாக்டர் வந்து சொன்னார். கட்டி கர்ப்பப்பையைத் தாண்டவில்லை, தசைச் சுவரிலும் பாதிக்கு மேல் இறங்கவில்லை. முதல் கட்டம். எனக்கும் அதே, உங்களுக்கும் அதே. உங்கள் கட்டியின் தோற்றம் மட்டும் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது, இரண்டு பேருடையதையும் இன்னொரு பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், அது வர நாளாகும் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியம் அன்று யார் காதிலும் விழவில்லை.

உங்கள் வீட்டுக்காரர் அப்போது பிளாஸ்கில் ரசம் கொண்டுவந்து நின்றுகொண்டிருந்தார். கோயில் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிள்ளைகள் இல்லாத வீடு. உங்களுக்கு அவர், அவருக்கு நீங்கள். தெருவில் எல்லோரும் மாமா என்றுதான் கூப்பிடுவார்கள் என்று சொல்லி என்னையும் அப்படியே கூப்பிட வைத்தீர்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பகவான் ரெண்டு பேரையும் ஒண்ணுபோலக் காப்பாத்திட்டான்" என்றார். பிளாஸ்க் மூடியில் எனக்கும் ரசம் ஊற்றிக் கொடுத்தார். நீங்கள் சொன்னீர்கள்: "ஒரே கட்டம். ஒரே கிளாஸ்ல பாஸ் பண்ணியாச்சு."

பரிசோதனை முடிவு வந்த அன்று நம் இருவரையும் ஒரே நேரத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அறைக்குள் டாக்டர் தனித்தனியாகத்தான் கூப்பிட்டார். நீங்கள் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டீர்கள். "இவ இருக்கட்டும் டாக்டர். என்னோடது இவளுக்குத் தெரியட்டும், இவளோடது எனக்குத் தெரியட்டும்." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

டாக்டர் சின்னப் பெண், நமக்கு ஒரு மகள் இருந்தால் அந்த வயதுதான் இருக்கும். கோட்டயத்துப் பக்கம். மலையாளத்தில் நிதானமாகச் சொன்னார். செல்லுக்குள் ஒரு புரதம் காவல் நிற்கிறது, அதன் பெயர் பி53. ஏதாவது பழுது என்றால் செல்லை நிறுத்திவைப்பது அதன் வேலை. வேலை முடிந்தால் கரைந்துவிடும். அதனால் சாயம் போட்டுப் பார்த்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரியும். அதை உண்டாக்கும் மரபணு கெட்டுப்போனால் புரதமும் கெட்டு, கரையாமல் குவிந்துவிடும். காவலுக்கு ஆள் நிறைய நிற்கும், ஒருவரும் வேலை செய்ய மாட்டார்கள்.

"நான் பாக்கலாமா?" என்றீர்கள்.

டாக்டர் கம்ப்யூட்டர் திரையை நம் பக்கம் திருப்பினார். முதலில் என்னுடையது. நீலப் புள்ளிகள், நடுவே சிதறலாகச் சில பழுப்புப் புள்ளிகள், சில வெளிறியவை, சில அடர்ந்தவை. அடுத்தது உங்களுடையது. நீலமே இல்லை. திரை முழுக்க அடர்பழுப்பு.

நீங்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தீர்கள். "கடுகு டப்பா கவிழ்ந்தாப்ல இருக்கு" என்றீர்கள். யாரும் சிரிக்கவில்லை.

என் கட்டியில் பெண்மை ஹார்மோன்களை ஏற்கும் புரதங்கள் நன்றாக இருக்கின்றன, காவல் புரதம் சரியாக இருக்கிறது, அறுவையே போதும், அடிக்கடி வந்து காட்டிக்கொண்டிருந்தால் சரி என்றார். பிறகு உங்கள் பக்கம் திரும்பினார். இந்தப் புரதத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது உங்கள் கட்டம் மேலே போகிறது டீச்சர், இந்த வகை திரும்பி வர வாய்ப்பு அதிகம், மருந்தும் கதிர்வீச்சும் கட்டாயம் வேண்டும் என்றார். உங்கள் கட்டி இருந்த இடத்தைவிட்டு ஒரு நூல்கூட நகர்ந்திருக்கவில்லை. அதை எடுத்து வெளியே போட்டும் ஆகிவிட்டது. கட்டம் மட்டும் நகர்ந்துவிட்டது.

"நூத்துக்கு எத்ர பேருக்குத் திரும்ப வரும்னு பறயட்டே?" என்று டாக்டர் தயங்கிக் கேட்டார்.

"வேண்டாம். நம்பர் சொல்லாதீங்கோ. நான் ஆயுசு பூரா நம்பரோட பழகினவ. அது என்ன சொல்லும், என்ன சொல்லாதுன்னு எனக்குத் தெரியும். சொன்னா அதைப் போட்டு உருட்டிண்டே இருப்பேன்."

வெளியே வந்து கேன்டீனில் உட்கார்ந்தோம். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் பிழைப்பேன் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள், உள்ளே ஏதோ ஒன்று தளர்ந்து இளகிக்கொண்டிருக்கிறது, எதிரே நீங்கள். டீயில் இருந்த ஈயை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுச் சொன்னீர்கள்.

"சந்தோஷப்படு ஸ்டெல்லா. நீ அதை மறைக்கறது எனக்குக் கஷ்டமா இருக்கு."

நான் அழுதேன். நீங்கள் அழவில்லை. "கணக்கு கூட்டத்தைப் பத்தித்தான் சொல்லும், ஒருத்தியைப் பத்திச் சொல்லாது" என்றீர்கள். டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டு, "ஆனா எந்தக் கூட்டத்துல நிக்கறேன்னு தெரிஞ்சு போச்சு" என்றீர்கள்.

மாமாவுக்கு அது புரியவேயில்லை. புரிய வைக்க யாராலும் முடியவில்லை. மறுவாரம் அவரே எனக்குப் போன் செய்து வீட்டுக்கு வரச் சொன்னார். உங்கள் கூடத்தில் நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைத்து, ஏதோ சாட்சியைக் கூப்பிட்டதுபோல உங்களிடம் காட்டினார்.

"இவளைப் பார். அதே கட்டம், அதே டாக்டர், அதே நாள் ஆபரேஷன். இவளுக்கு மருந்து உண்டோ? இல்லை. நன்னா இருக்காளோ? இருக்கா. உனக்கு மட்டும் எதுக்கு அந்த விஷத்தை ஏத்தணும்?"

"அவளுக்கு வந்த ரிசல்ட் வேற, எனக்கு வந்தது வேற."

"சாயம் போட்டா நிறம் மாறத்தான் மாறும். அண்ணா சொல்றார், இதெல்லாம் இப்போ புதுசா வந்திருக்கற பழக்கமாம். அவர் காலத்துல கட்டி எவ்வளவு தூரம் போயிருக்குன்னு பார்ப்பாளாம், அவ்வளவுதான்." மாமாவின் அண்ணன் எப்போதோ வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்ற டாக்டர். மாமா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு ஸ்டெல்லா. நீ சொன்னா கேப்பா."

"எனக்கு அதெல்லாம் தெரியாது மாமா. டாக்டர் சொல்லுதது டீச்சருக்கு மனசிலாயிருக்கு. அவங்க தீருமானிக்கட்டும்."

மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த ஏமாற்றம் இன்றுவரை குறையவில்லை. நீங்கள் எழுந்து உள்ளே போய், மோர் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டு, "திங்கக்கிழமை மருந்து ஆரம்பிக்கறேன்" என்றீர்கள். அவ்வளவுதான் பேச்சு.

மருந்து ஏறும் நாட்களில் நான்தான் கூட வந்தேன். ஊசியைக் கண்டாலே மாமாவுக்குத் தலை சுற்றும். கிழக்கேகோட்டையில் நான் பஸ் இறங்கி நிற்பேன், நீங்கள் ஆட்டோவில் வந்து ஏற்றிக்கொள்வீர்கள். முடி கொட்டியதைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. விரல்கள் மரத்துப்போனதைப் பற்றித்தான் பேசினீர்கள். சட்டைப் பித்தான் போட முடியவில்லை, காய் நறுக்க முடியவில்லை, சில்லறை எது என்று தடவித் தெரியவில்லை. ஒருநாள் கோலம் போட உட்கார்ந்து, பொடி விரலிடுக்கில் நிற்காமல் மொத்தமாகக் கொட்டிப்போனதைச் சொன்னீர்கள். "கையில இருக்குன்னு கண்ணுக்குத் தெரியறது, கைக்குத் தெரியலை."

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுதிக்கு வருகிறேன் என்றீர்கள். தலையில் பருத்தித் துணியைக் கட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்துப் படியேறி வந்து, பெண்களைச் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிடச் சொன்னீர்கள். பாதிப்பேர் தூக்கக் கலக்கத்தில், பாதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டு. கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் பெண்கள். பாலக்காடு, நாகர்கோவில், கண்ணூர், ஆந்திரா என்று பல ஊர். நீங்கள் நாற்காலியில் உட்காராமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மலையாளத்திலும் தமிழிலும் மாறிமாறிப் பேசினீர்கள். பேச்சு சின்னதுதான்.

"உங்களுக்கு ஒண்ணும் சொல்லலை. உங்க அம்மாக்களுக்குச் சொல்றேன். தீட்டு நின்னு போன அப்புறம் ஒரு சொட்டு வந்தாலும் அது சும்மா இல்லை. வெட்கப்பட்டுண்டு மூடி வெக்கக்கூடாது. நான் மூடி வெச்சேன். இப்போ எல்லாரும் வெளியில போய் உங்க அம்மாவுக்குப் போன் பண்ணுங்கோ. நேராக் கேளுங்கோ. நான் இங்கயே இருக்கேன்."

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒருத்தி எழுந்தாள். பிறகு எல்லோரும் எழுந்தார்கள். கொஞ்ச நேரத்தில் தாழ்வாரம், மாடிப்படி, துணி காயப்போடும் மொட்டைமாடி எல்லாம் ஒரே பேச்சாக இருந்தது. "அம்மே, ஒரு காரியம் சோதிக்கட்டே" என்று, ஒன்று கேட்கட்டுமா என மலையாளத்தில் ஒரு குரல். "இல்லம்மா, நான் நல்லாத்தான் இருக்கேன், உன்னைப் பத்திதான் கேக்குறேன்" என்று ஒரு குரல். தெலுங்கில் ஒரு குரல் கெஞ்சிக்கொண்டிருந்தது. வெட்கத்தில் சிரிப்பவர்கள், அம்மாவிடம் திட்டு வாங்குபவர்கள். நீங்கள் சாப்பாட்டு அறையில் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். பாலக்காட்டுப் பெண் ஒருத்தி மட்டும் போனைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே திரும்பி வந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நமக்குத் தெரிந்துவிட்டது. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, அந்த அம்மாவோடு நீங்களே பேசினீர்கள். அந்தப் பெண் அடுத்த வாரமே ஊருக்குப் போய் அம்மாவை அழைத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போனாள். பிறகு வேலையை விட்டுவிட்டாள். அந்த அம்மாவின் திரையில் என்ன நிறம் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மருந்தும் கதிர்வீச்சும் முடிந்தபின் ஒரு நல்ல காலம் வந்தது. முடி சுருளாக வளர்ந்தது. உங்களுக்கே அது பிடித்திருந்தது. மாமா என்னிடம்கூடச் சிரித்துப் பேசினார். அது நீண்ட காலம் இல்லை. ஸ்கேனில் எதுவும் தெரியும் முன்பே ரத்தத்தில் பார்க்கும் ஒரு புரதம் மெல்ல ஏறத் தொடங்கியது. டாக்டர் ஒரு மாதம் கழித்து மறுபடி எடுத்துப் பார்க்கச் சொன்னார். மறுபடியும் ஏறியிருந்தது. நீங்கள் என்னிடம் அந்தக் காகிதத்தை நீட்டவில்லை. "ஏறுமுகம்" என்று மட்டும் சொன்னீர்கள். அதற்கப்புறம் வயிற்றுக்குள் நீர் கட்டியது, ஸ்கேனில் எல்லோருக்கும் தெரிந்தது.

டாக்டருக்கு இன்னும் ஒரு வழி இருந்தது. இந்த வகைக் கட்டிகளில் சிலவற்றில் ஹெர்2 என்ற வேறொரு புரதம் மிகுந்திருக்கும், அது இருந்தால் அதையே குறிவைத்துப் போகும் மருந்து உண்டு என்றார். எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்து உங்கள் கட்டிக்குப் பெரிதாகப் பலன் தராது என்று முன்பே பார்த்தாகிவிட்டது. இது ஒன்றுதான் பாக்கி. அதற்கு மறுபடி உடம்பிலிருந்து எடுக்க வேண்டாம், அன்று எடுத்த கட்டியை மெழுகில் பதித்து வைத்திருக்கிறோம், அதிலிருந்தே சீவிப் பார்க்கலாம் என்றார். உங்களுக்கு அது விசித்திரமாக இருந்தது. "நான் இங்க உக்காந்திருக்கேன். என்னில் ஒரு துண்டு இவாளோட அலமாரியில உக்காந்திருக்கு. அது கெடவும் இல்லை, வளரவும் இல்லை. அதைப் போய்க் கேக்கப் போறா."

அந்த முடிவு வரும்வரை மாமா தினமும் கோயிலுக்குப் போனார். நான் சபையில் முழங்காலில் நின்றேன். ஒரு புரதம் இருக்க வேண்டும் என்று நான் ஜெபம் செய்தேன், டீச்சர். கட்டியில் இன்னும் ஒரு கெட்ட புரதம் கொடு ஆண்டவரே என்று. பக்கத்தில் நின்றவர்கள் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

இல்லை என்று வந்தது. டாக்டர் போனில் சொல்லாமல் நேரில் வரச் சொன்னார். அப்போதே நீங்கள் புடவையை மாற்றிக்கொண்டு, "கேக்கணும்னு அவசியம் இல்லை, இருந்தாலும் அந்தக் கொழந்தை சொல்லி முடிக்கட்டும்" என்றீர்கள். டாக்டர் சொல்லி முடித்ததும், அந்த மெழுகுத் துண்டை உங்கள் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று நீங்களாகவே சொன்னீர்கள். "யாருக்குத் திரும்ப வரும், யாருக்கு வராதுன்னு இன்னும் நன்னாச் சொல்லறதுக்கு உதவட்டும். வந்தவா துண்டும் வேணும், வராதவா துண்டும் வேணும், இல்லையா? அப்போ இவளோடதையும் கேளுங்கோ." டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். நான் அங்கேயே சரி என்றேன்.

அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனதெல்லாம் வயிற்று நீரை எடுக்கவும் வலி மருந்து வாங்கவும்தான்.

கடைசியாக உங்களோடு நன்றாகப் பேசியது உங்கள் வீட்டில், ஒரு காலை நேரம். வெளியே மழை. உங்களை ஜன்னல் பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். காலும் வயிறும் வீங்கி, முகம் மட்டும் சின்னதாகிப் போயிருந்தது. மாமா மருந்துக் கடைக்குப் போயிருந்தார். நான் பஞ்சை நனைத்து உங்கள் உதட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ஸ்டெல்லா, ஒண்ணு சொல்றேன். அவர்கிட்ட சொல்லக்கூடாது."

"சொல்லுங்க டீச்சர்."

"அன்னிக்கு அந்தப் படத்தைப் பாத்தப்பவே எனக்குத் தோணிடுத்து, இது என்னை விடாதுன்னு. அவர் மருந்து வேண்டாம்னார். நான் சரின்னு சொல்லியிருந்தா, கொஞ்ச நாளாவது விரல் விரலா இருந்திருக்கும். வாய் புண்ணாகாம சாப்பிட்டிருப்பேன்."

மூச்சு வாங்கியது. நான் பஞ்சை மறுபடி நனைத்தேன்.

"பொழைக்கணும்னு ஆசை இருந்தது. இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். பாதி அதுக்காகத்தான். மீதிப் பாதி அவருக்காக. அவர் பேச்சைக் கேட்டு மருந்து எடுத்துக்காம நான் போயிட்டேன்னு வெச்சுக்கோ. மிச்ச நாள் பூரா என்ன நினைச்சுண்டு இந்த வீட்டுல உக்காந்திருப்பார்? நான்தானே வேண்டாம்னேன், நான்தானே கொன்னேன்னு. பேச ஒரு ஆள் இல்லாம, அந்த நினைப்போட."

"டீச்சர்..."

"அதுக்கு இது தேவலை. டெஸ்டைத் திட்டட்டும். டாக்டரைத் திட்டட்டும். உன்னைத் திட்டட்டும். நீ தாங்குவே."

உங்கள் கை என் மணிக்கட்டின் மேல் இருந்தது. என் தோல் அந்த விரல்களுக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியாது. வாசலில் குடையை உதறும் சத்தம் கேட்டதும் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள். அந்த வாரம் முடியும் முன்பே போய்விட்டீர்கள்.

நீங்கள் நினைத்தபடியேதான் நடந்தது. காரியங்கள் முடிந்த பிறகு நான் போனபோது மாமா என்னை வாவென்று சொல்லவில்லை. அதே கட்டத்தில் இருந்தவள் நல்லபடியாக நடந்து வாசலில் வந்து நிற்பதை அவரால் பார்க்க முடியவில்லை. நான் போவதை நிறுத்தவில்லை. ஏதாவது பழம் வாங்கிக்கொண்டு மாதத்தில் ஒருநாள் போய்விடுவேன். கொஞ்ச காலத்தில் உள்ளே உட்காரச் சொன்னார். பிறகு காபி கொடுக்க ஆரம்பித்தார். அவரே போடும் காபி. பாலைப் பொங்கவிட்டு அடுப்பெல்லாம் தீய்ந்திருக்கும்.

இன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஸ்ரீவராகம்தான் போனேன். கையில் பஞ்சைப் பார்த்துவிட்டு, "இன்னிக்கா உனக்கு செக்கப்?" என்றார்.

"ஆமா மாமா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் இல்லைன்னு சொன்னாங்க. இனி வருஷத்துக்கு ஒருக்கா போனாப் போதுமாம்."

"ம்" என்றார். உள்ளே போய்க் காபி கொண்டுவந்து வைத்தார். பிறகு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார். முன்பெல்லாம் கோபமாகச் சொல்வார். இப்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, ஒவ்வொரு வார்த்தையாக.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். அந்தச் சாயம் போட்டுப் பாக்காம இருந்திருந்தா, அந்த மருந்தை ஏத்தாம இருந்திருந்தா, அவ இன்னும் கொஞ்ச நாள் நன்னா இருந்திருப்பா. நான் சொன்னதை ஒருத்தரும் கேக்கலை. நீதான் கூடக்கூட அழைச்சிண்டு போனே."

மருந்து எடுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. டாக்டருக்கும் தெரியாது. மருந்தால்தான் அந்த நல்ல காலமாவது கிடைத்தது என்று டாக்டர் நினைக்கிறார். அதை ஒருமுறை மாமாவிடம் சொல்லிப் பார்க்கலாம் என்று எனக்கு எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது. சொன்னால் அவர் கேட்பார். கேட்டுவிட்டு, தான் வேண்டாம் என்று சொன்னதை யோசிக்க ஆரம்பிப்பார்.

"ஆமா மாமா" என்றேன். "நான்தான் அழைச்சிட்டுப் போனேன்."

அவர் தலையாட்டினார். அவர் தோள் கொஞ்சம் இறங்கி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். "காபி ஆறிண்டிருக்கு, குடி" என்றார். குடித்தேன். கிளம்பும்போது வாசல்வரை வந்தார்.

"அடுத்த மாசம் வருவியோ?"

"வருவேன் மாமா" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், டீச்சர். போவேன். அவர் மறுபடி அதையே சொல்வார். நான் ஆமா என்று சொல்லிவிட்டு வருவேன்.

ஸ்டெல்லா